பேச்சுக்குப் போதாத மூச்சு

மார்கழி 3, வியாழன்

நல்ல பனி. வெயில் ஏறிய பிறகு சேந்தமங்கலத்தில் பஸ் பிடித்து, இந்த இரைப்பைக் காட்ட நாமக்கல் ஆஸ்பத்திரி. ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். எத்தனை தடவை ஊதியும் உருப்படவில்லை.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" டாக்டரம்மா கேட்டார். சிரிப்பு வந்து, சிரிப்பே இருமலாகிவிட்டது. "எங்கூட்டுக்காரரே தொடமாட்டாருங்க!"

அப்புறம்தான் அடுப்பைக் கேட்டார். கல்யாணமான நாள் முதல் விறகு, காய்ந்த மரவள்ளிக் குச்சி. கேஸ் டீ வைக்க மட்டும். அந்தப் புகைதான் நுரையீரலைக் கெடுத்திருக்கிறதாம். பழையபடி ஆகாது, மேலே கெடாமல் பார்க்கலாமாம். இன்ஹேலர் கொடுத்தார்.

இதற்குப் பீடியே குடித்திருக்கலாம். ருசியாவது தெரிந்திருக்கும்.

மார்கழி 4, வெள்ளி

கேஸில் சோறு. சப்பென்று இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன். ஆவணியில் போனவர். போர் போடும் ரிக் வண்டியில் டிரைவர், மத்தியப் பிரதேசத்தில்.

"சாப்டியா அம்மிணி?"

"ம்."

"என்ன கொளம்பு?"

"பருப்பு."

"வாயில கொழுக்கட்டையா? கோவமா?"

"இல்லீங்க."

நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னால் இரைக்கும், தெரிந்துவிடும். தெரிந்தால் அங்கே நிம்மதியாக வண்டி ஓட்டுவாரா? முன்பெல்லாம், "போதும் நிறுத்து, சார்ஜ் போவுது" என்பார். கமலா வீட்டுச் சண்டை, எருமை கன்று போட்டது, எவ்வளவு கதை கிடக்கிறது! அவரிடம் விடாமல் பேசணும்போல் ஏக்கமாக இருக்கிறது.

மார்கழி 6, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கமலா: "வாசல் கூட்டுனதுக்கே இப்படி எரைக்குதேக்கா, அண்ணங்கிட்டச் சொன்னீங்களா?"

"வாய மூடுடி."

போனில் அவர்: "ஓனர் கோடை முடியற வரைக்கும் இருக்கச் சொல்றாரு. நான் வந்தாலும் வராட்டியும் உனக்கு ஒண்ணுதான்போல. பொங்கலுக்கு வரட்டுமா, இருந்துக்கட்டுமா? நாளைக்குச் சொல்லு."

வந்தால் பார்த்துவிடுவார். வராவிட்டால் ஆனிவரை நான் பார்க்க முடியாது.

மார்கழி 7, திங்கள்

பருப்பு தீர்ந்தது. கடைக்குப் போகவில்லை.

இன்ஹேலர் இழுத்துவிட்டு, 'வேலையப் பாருங்க, ஆனியில வாங்க' என்று சொல்லிப் பழகினேன். சரியாகவே வந்தது.

"என்ன முடிவு பண்ணுன?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அழுகைதான் வந்தது. அழுதால் இரைப்பு.

"என்ன சத்தம் அது? அடுப்பு ஊதறியா? ஊதிட்டு வா, போன வெக்காம இருக்கேன்."

காத்திருந்தார். இரைப்பு அடங்கவில்லை.

"அடுப்பு... இல்லீங்க. நாந்தான்."

அந்தப் பக்கம் ரிக் ஓடும் சத்தம் நின்றது.

"பேசாத சாமி. மூச்ச மட்டும் வுடு, கேட்டுட்டிருக்கேன்."

பிறகு அங்கே யாரிடமோ சொன்னார்: "இந்தாப்பா, வண்டிச் சாவிய வாங்கிக்க. நான் ஊட்டுக்குப் போறேன்."