போர்வையில் அம்மா காட்டிய வீச்சு

மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவையும் நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது மேல் வீட்டு நர்ஸம்மா. “பேஸ்பால் பத்தியெல்லாம் எனக்கென்ன தெரியும், தப்பாப் போயிடும்” என்று சண்டை பிடித்தாள், தப்பு வந்தால் என் தலையில் போடு என்று உட்கார வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்து பேச்சும் நின்றது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டத்தை நர்ஸம்மா போனில் காட்டினாள், நீ ஒவ்வொரு முறையும் வெறுங்காற்றை அடித்து வெளியே போனாய். அப்போதிருந்து அம்மா இடது கையால் போர்வையைத் தள்ளித் தள்ளி லேசாக மேலே தூக்கினாள். வேண்டாமென்கிறாள் என்று போர்வையை எடுத்தேன், குளிரில் நடுங்கினாள். மறுபடி போர்த்தினேன், தண்ணீர் கொடுத்தேன், விரிப்பை மாற்றினேன், அவள் அழுதாள். மறுநாள் அதே ஆட்டத்தைப் போட்டபோதுதான் நர்ஸம்மா கண்டுபிடித்தாள், “ஐயா, உங்க பையனுக்கு எப்படி அடிக்கணும்னு காட்டுறாங்க, நீங்க படுக்கையைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க!” அம்மா கண்ணை மூடித் திறந்தாள், ஆமாம் என்று. நான் வேலைக்குப் போன நேரத்திலெல்லாம் வீட்டுக்குப் பின்னால் பழைய சாக்ஸைப் பந்தாக உருட்டி நீ அடிக்க எறிந்தவள் அவள்தானே, உனக்குச் சொல்லிக்கொடுத்ததை ராத்திரி எனக்கும் சொல்லுவாள். நீ இப்போது கோடாலி போல மேலிருந்து வெட்டுகிறாய் தம்பி. பந்து இறங்கி வருகிறது, மட்டையும் இறங்கினால் இரண்டும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கும், அது தவறினால் காற்றுதான். முழங்கையை விலாவோடு ஒட்டி, மட்டையை முன்கூட்டியே பந்தின் தடத்துக்குக் கொண்டுவந்து, அதே சரிவில் எதிர்த்து மேலே விடு, கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் படும். அம்மா காட்டியது அதைத்தான்.

இப்போது வந்தால் அணியில் இடம் போய்விடும், சீசன் முடிந்து வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னாயாம். டாக்டர் அவ்வளவு நாள் சொல்லவில்லை. உன் ஆட்டம் கெடுமென்று அக்கா மறைத்துவிட்டாள், நான் மறைக்க மாட்டேன். நேற்றிலிருந்து அந்த இடது கையும் அசையவில்லை. கண் மட்டும் போன் மேலேயே நிற்கிறது, அணைத்து வைத்தாலும் அதையே பார்க்கிறாள். நீ நன்றாக அடித்தால் அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் போனுக்குள் இருக்கிற உன்னை அவளால் தொட முடியாதப்பா.

உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். டிக்கெட் போட்டதும் உடனே சொல்லு, அவள் காதில் நான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு ரேகை வைத்த
உன் அப்பா