தண்ணீர் குடிக்காத பெரியம்மா

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே போகாத நீ எதுக்கும்மா நடை யாத்திரை போறே என்று போனில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் மாணவர்களுக்குப் பாதி மதிப்பெண் போடுகிறவள் நான், எனக்கும் அதையே போட்டுக்கொள்கிறேன். இங்கே நான் நலம், உன் பெரியம்மா ஏறக்குறைய நலம். உன் நலத்தை நீ போட்ட சத்தத்திலிருந்தே தெரிந்துகொண்டேன், உடம்பு முடியாதவளுக்கு அவ்வளவு குரல் வராது. போனை அணைத்துவிட்டுக் கடிதம் எழுதுவதற்குக் காரணம், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதல் விமானம் முடிந்தது. அடுத்த விமானத்துக்காக ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைத்துத் தொலைத்திருக்கிறார்கள், யாரும் படுக்க முடியாது. பெரியம்மா என் பெட்டிமேல் இடது காலை நீட்டித் தூங்குகிறாள். கால் வீங்கியிருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் விமானத்திலிருந்து இறங்கும்போது அவள் மயங்கி விழுந்தது காலால் இல்லை, தண்ணீரால். விமானம் கிளம்பியதிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பணிப்பெண் நீட்டிய போதெல்லாம், ஒறுத்தல்மா, ஆண்டவருக்காக ஒண்ணை விடணும், நடை ஆரம்பிக்கிற வரைக்கும் தண்ணி தொடமாட்டேன் என்றாள். பின்வரிசைப் பெண்கள் அதைக் கேட்டு உருகி, தங்கள் குவளைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரியும் அது என்ன ஒறுத்தல் என்று. தண்ணீர் குடித்தால் கழிவறைக்கு எழுந்து போகவேண்டும். பக்கவாதம் வந்த காலை இழுத்துக்கொண்டு அந்த நீளம் நடந்தால் குழுத் தலைவர் பார்த்துவிடுவார். அவர்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நடக்க முடியாதவர்கள் வரவேண்டாம் என்று முதலிலேயே சொன்னவர். அவ்வளவுதான் அவள் பக்தி. நானும் சொல்லிப் பார்த்தேன், சும்மா இருடி, உனக்கு விசுவாசம் இல்லை என்று வாயை அடைத்துவிட்டாள்.

இறங்கி வரும்போது சரிந்துவிட்டாள். இங்குள்ள மருத்துவர் பார்த்தார், உப்புச் சர்க்கரை கலந்த நீர் கொடுத்தார், காலையும் அழுத்திப் பார்த்துவிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்தால் பயணத்தைத் தொடரலாம் என்றார். தலைவர் அதற்குள் திரும்பிப் போகும் விமானத்தில் எங்கள் இருவருக்கும் இடம் கேட்டுவிட்டு வந்து நின்றார். உங்க நல்லதுக்குத்தான் மேடம், வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்றார். எனக்கு வந்தது பார் கோபம். சார், ஆளுக்கொரு ஒறுத்தல் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னது நீங்க, சொன்னபடி செஞ்சவளை வீட்டுக்கு அனுப்பினா செய்யாதவங்களையும் அனுப்பணும், முதல்ல என்னை அனுப்புங்க, நான் ரெண்டு தட்டுச் சாப்பாடு வாங்கித் தின்னேன் என்றேன். கூட வந்திருக்கும் ஃபாதர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார், இருமலாம். தலைவர் முணுமுணுத்தபடி போய்விட்டார். பெரியம்மாவின் ரகசியத்தை நான் உடைக்கவில்லை. மதத்தை வைத்து நான் வாதாடி ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

நீ மறந்திருப்பாய். வருடாவருடம் யாத்திரை போகிறவர்களுக்குக் கழுத்தில் கட்டும் மஞ்சள் துணியைத் தைத்துக் கொடுப்பது பெரியம்மாதான். எத்தனையோ பேர் அதைக் கட்டிக்கொண்டு போய் வந்தார்கள், வா என்று ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. இந்த வருடம் ஒற்றைக் கையால் தையல் மெஷினைத் தள்ளித் தள்ளித் தனக்கு ஒன்று தைத்தாள், கேட்காமலே எனக்கும் ஒன்று. அவளை வீட்டில் உட்காரவைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். பத்திரமாக வைப்பதற்கு அவள் என்ன பீங்கான் தட்டா? துணைக்கு வருகிறேன், ஜெபமாலை சொல்லமாட்டேன், எங்கேயும் முழங்கால் போடமாட்டேன் என்று சொல்லித்தான் கிளம்பினேன். சரி, நீ பெட்டியை மட்டும் தூக்கு என்றாள்.

வேலை வேலை என்று நீயும் தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, குடும்பத்தில் ஒரு தவசி போதும். உன் குளிர்காலக் கோட்டின் பொத்தானைத் தைத்துவிட்டாயா? நான் யாரிடம் வேண்டுவது என்று தெரியாவிட்டாலும் நீ நன்றாக இருக்கவேண்டும், நன்றாக இருப்பாய். பெரியம்மா விழித்தால் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்வாள், போட்டதாக வைத்துக்கொள். எங்களைத் திரும்பி வரச்சொல்லி மட்டும் எழுதாதே.

உன் பிடிவாதத்துக்கு மூலகாரணமான,
அம்மா

மறுநாள் எழுதுவது: கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை நடை தொடங்கியது. பெரியம்மா ஊர் எல்லையிலிருக்கும் கல்பாலம் வரை வந்து, பாலத்தின் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிகளை ஏற்றிவந்த வேன் பக்கத்தில் வந்து நின்றது, ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்தார். தலைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முழுவதையும் குடித்தாள். குடித்துவிட்டு எல்லோர் காதிலும் விழும்படி, சார், கழிவறைக்குப் போகணும், ஒரு கை பிடிங்க என்றாள். அவர் முகம் சிவந்தது, ஆனாலும் பிடித்தார். எதிரிலிருந்த தேநீர்க் கடை வரை நடத்திக் கூட்டிப்போய், வெளியே காத்திருந்து, கூட்டி வந்தார். கூட்டம் முழுவதும் வெயிலில் நின்றது. வேன் கதவு திறந்தே இருந்தது. பெரியம்மா அதைப் பார்க்கவே இல்லை. அவிழ்ந்திருந்த ஷூ நாடாவை என் பக்கம் நீட்டி, கட்டி விடுடி, நேரமாச்சு என்றாள். பாலத்தில் முழங்கால் போட்டுக் கட்டிவிட்டேன்.