தேவதாருக் காட்டில் உன்னை விட்டு ஓடிய அரை மணி நேரம்

இன்று காலை துபாய் அல் கூஸில் எங்கள் மரவேலைக் கூடத்துக்குப் புது மரக்கட்டு ஒன்று வந்து இறங்கியது. பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் தேவதாரு வாசனை கூடம் முழுக்கப் பரவியது. டெலிவரி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த நான் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பிஹார்க்காரத் தச்சர் ஓடி வந்து, "மேடம், க்யா ஹுவா? பானி லாவூங்?" என்று தண்ணீர் கொண்டுவரட்டுமா எனக் கேட்டார். "குச் நஹீ பாய்", ஒன்றுமில்லை என்றேன். அவருக்கு என்னவென்று சொல்வது? உன்னைத் தனியாக விட்டுவிட்டு நான் ஓடிய மலைப்பாதையில் இதே வாசனைதான் அடித்தது.

கராமாவில் ஒரே கட்டடத்தில் பதினோரு வருஷம் இருந்தோம். நீ மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. நீ திருநெல்வேலிக்காரி, கிளினிக் லேபில் வேலை. நான் ஈரோட்டுக்காரி, மரக்கம்பெனியில் பர்ச்சேஸ். எனக்கு லிஃப்டில் தனியாகப் போகப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம், பிள்ளைகள் ஸ்கூல் பஸ் ஐந்து நிமிஷம் தாமதித்தால் பயம். உனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, கூட்டம். மீனா பஜாருக்குப் போனாலும் கடைத்தெரு வழியாக வரமாட்டாய். துணிக்கடைகளுக்குப் பின்னால், ஏசி மெஷின்கள் சொட்டிக்கொண்டிருக்கும் சந்துக்குள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாய். யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவேன்.

ஜப்பானுக்குப் போகலாம் என்று ஆரம்பித்ததும் நீதான். அமீரகத்தின் தேசிய தின விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துக்கொண்டு, வீட்டு ஆண்களிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, நாம் இருவர் மட்டும். ஒரு பாட்டுக் கச்சேரிக்குக்கூட என்னோடு வராதவள் திடீரென்று அவ்வளவு தூரம் ஏன் கிளம்புகிறாய் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கியோட்டோவில் முதல் நாள் பெரிய கோயிலுக்கு ஏறும் தெருவில் நம்மால் காலை ஊன்றி நிற்க முடியவில்லை. செல்ஃபி குச்சிகள், வாடகைக் கிமோனோ கட்டிய பெண்கள், கொடி பிடித்த கைடுகள். பாதி வழியில் நீ நின்றுவிட்டாய். "ஏட்டி, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நாளைக்கு ஆளில்லாத எடமாப் போவோம்" என்றாய்.

மறுநாள் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினோம். ஊர் தேயத் தேய பஸ் காலியானது. ஓஹாரா என்ற மலையடிக் கிராமத்தில் மீதிப் பேர் இறங்கிக் கோயில் பக்கம் திரும்பினார்கள். நீ எதிர்ப்பக்கம் திரும்பினாய். அறுவடை முடிந்த வயல்கள், ஒரு வீட்டு வாசலில் கத்தரிப்பூ நிற ஊறுகாய் ஜாடிகள், பிறகு ஒன்றுமில்லை. ஒரு சின்ன மலையைத் தாண்டினால் அடுத்த கிராமம், ஒன்றரை மணி நேர நடை என்று போனில் பார்த்து வைத்திருந்தாய்.

பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை. எழுத்து புரியவில்லை. படம் புரிந்தது, கரடி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"நிக்கியே, வா. சத்தம் போட்டுக்கிட்டே போனா அது கிட்ட வராதாம்."

"வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நான் பேசிக்கிடுதேன். கரடிக்குத் தமிழ் தெரியாட்டாப் போவுது" என்று சிரித்தாய். கைதட்டிக்கொண்டே முன்னால் நடந்தாய்.

உள்ளே வெளிச்சம் அப்படியே இறங்கிவிட்டது. நட்டுவைத்த கம்பங்கள் போல தேவதாரு மரங்கள், மேலே எங்கேயோதான் இலை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. போனில் சிக்னல் போய்விட்டது. மணி மூன்றுதான், ஆனால் அந்த ஊரில் டிசம்பரில் ஐந்துக்குள் இருட்டிவிடும். அரை மணி ஏறியிருப்போம். உன் கைதட்டல் நின்றது எனக்கு உடனே தெரியவில்லை. நான் மரங்களுக்கு இடையில் கரடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் நீ உட்கார்ந்திருந்தாய். அந்தக் குளிரில் உன் நெற்றியில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

"அஞ்சு நிமிஷம்" என்றாய்.

அஞ்சு நிமிஷம் இருபது நிமிஷம் ஆயிற்று. எழுந்தாய், இரண்டடி வைத்தாய், கண் சொருகி என் மேல் சாய்ந்தாய். உன்னைத் திரும்ப உட்கார வைத்துத் தண்ணீர் பாட்டிலை உன் உதட்டருகே பிடித்தேன். அப்போதுதான் சொன்னாய். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. ரிப்போர்ட்டை உன் கிளினிக்கிலேயே நீயே பார்த்திருக்கிறாய். ஒரு வருஷமாகத் தெரியும். ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மேடு ஏறக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே ஊருக்கு டிக்கெட் போட்டுருவாரு. அறுக்கதுக்கு முன்னாடி சத்தமில்லாத ஒரு எடத்துல ஒரு தடவை நடக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

எனக்கு உன்னை அறையவேண்டும் போல் இருந்தது. அழுகைதான் வந்தது. கீழே புதருக்குள் கனமான ஏதோ ஒன்று சருகை மிதித்துக்கொண்டு நகர்ந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அது நின்றது. மறுபடி நகர்ந்தது. பிறகு இல்லை. மானா, பன்றியா, வேறெதுவுமா, இன்றுவரை தெரியாது.

"நீ இறங்கிப் போ. அந்தப் பக்கம் கீழ ஊரு இருக்கு. யாரையாவது கூட்டிட்டு வா" என்றாய். முடியாது என்றேன். "ரெண்டு பேரும் இங்கயே இருட்டுல உக்காந்துருப்போமா?" என்று கேட்டாய். என் கோட்டைக் கழற்றி உன் மேல் போர்த்திவிட்டு ஓடினேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் முன்னால் கரடி நிற்கும் என்று பயம். வழி தவறிவிட்டேனோ என்று பயம். எல்லாவற்றையும்விட, ஆளோடு திரும்பி வரும்போது நீ இருக்கமாட்டாய் என்ற பயம். கைதட்டத் தோன்றவில்லை. உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

காடு முடிந்த இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் சின்ன வெள்ளை லாரியில் முள்ளங்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் ஒரு ஜப்பான் வார்த்தைகூட இல்லை. நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன், மலையைக் காட்டினேன், நாம் இரண்டு பேர் என்று இரண்டு விரலைக் காட்டினேன். அந்த மனிதர் முள்ளங்கியைக் கீழே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். அந்த அம்மா ஒரு டார்ச்சும் கம்பளியும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

நீ அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாய், கண்ணை மூடிக்கொண்டு. நான் கூப்பிட்டும் நீ கண் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தாய் என்று உனக்குத் தெரியாது. நான் எண்ணவில்லை, ஆனால் என் உடம்புக்குத் தெரியும்.

அந்த மனிதர் உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். நீ அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "கல்யாணத்துலகூட என்னை யாரும் இப்படித் தூக்கலட்டி" என்றாய். நான் சிரிக்கவில்லை. அவர்கள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனபோது நீ எழுந்து நின்று, உனக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் வார்த்தையைச் சொன்னாய். "டைஜோபு, டைஜோபு." ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அவர்கள் நம்பவில்லை. ஆனாலும் சூடாக டீ கொடுத்து ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

ரயிலில் என் கையை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். "அவருகிட்ட சொல்லிராத. சத்தியம்." நான் சத்தியம் செய்தேன்.

துபாய்க்குத் திரும்பிய பிறகு என் காடு மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் நிம்மதி, கேட்காவிட்டால் பயம். எப்போது ஆபரேஷன் என்று கேட்டால், "மக பரீட்சை முடியட்டும்" என்றாய். பரீட்சை முடிந்ததும், "வெயில் குறையட்டும்" என்றாய். ஒரு மத்தியானம் லிஃப்ட் ரிப்பேர். எங்கள் மாடிப் படியில் நீ காய்கறிப் பையை வைத்துவிட்டு, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாய். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் உன் கணவர் டியூட்டி முடிந்து வரும்வரை கீழே பார்க்கிங்கில் காத்திருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் நீ என் வீட்டு வாசலில் நின்றாய். உள்ளே வரவில்லை. "சத்தியம் பண்ணினல்லா? உன் பயத்துக்கு என்னைப் பலி கொடுத்துட்டே. இனிமே எங்கிட்டப் பேசாத" என்றாய். பத்து நாளில் ஊருக்குப் போய்விட்டாய். வழியனுப்ப வரட்டுமா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்ஸி கிளம்பியதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஜன்னல் வழியா பஸ் ஸ்டாண்டு தெரியுது, ஒரே ஹாரன் சத்தம்" என்றாய். பிறகு, "ஏட்டி, எனக்குப் பயமா இருக்கு. நீ எப்படி இதை வச்சுக்கிட்டு தெனமும் இருக்கே?" என்று கேட்டாய். பதினோரு வருஷத்தில் உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்டேன். நான் அழுதேனே தவிர பதில் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்தாய் என்றார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை என்றார்கள்.

உன் கணவர் வீட்டைக் காலி செய்ய வந்தபோது மாடியேறிப் போனேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். "அண்ணா, நான் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"நானும் டாக்டர்கிட்ட அதைத்தாம்மா கேட்டேன். செய்யாம விட்டிருந்தா ஒரு வருஷமும் இருந்திருக்கலாம், மறுநாளே போயிருக்கவும் செய்யலாம்னாரு." டேப்பை வைத்துப் பெட்டியை ஒட்டினார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார், "நீ சொல்லலைன்னா எனக்கு அந்தப் பத்து நாளும் கிடைச்சிருக்காது. தெரியாமலே போயிருப்பா."

அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது. இன்று போல ஒரு வாசனை வந்து இடறிவிடும்போது முடியவில்லை. உன் கேள்விக்கு இத்தனை நாள் கழித்து எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: பயம் போகவில்லை, அதோடேயே எழுந்து டியூட்டிக்குப் போகிறேன், பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன், என் மெடிக்கல் ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் வீட்டில் சொல்லிவிடுகிறேன். மறுபடி அந்தப் பார்க்கிங்கில் நிற்கவேண்டி வந்தால் என்ன செய்வேன் என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்வேன். பயந்துகொண்டேதான், ஆனாலும் சொல்வேன். நீ என்னோடு பேசவே வேண்டாம். மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, நாள் முழுக்க நாற்காலியை இழுத்துக்கொண்டு, ஆயுசுக்கும் என் மேல் கோபமாக இரு.