ராணுவக் குலுக்கலில் கறுப்புச் சீட்டு

பிம்ஜாய் அக்கா,

எனக்குக் கறுப்புச் சீட்டு வந்துவிட்டது. சிவப்பு வந்திருந்தால் இரண்டு வருஷம் ராணுவம். சந்தோஷத்தில் அங்கிருந்த அதிகாரியையே கட்டிப்பிடித்துவிட்டேன். "போதும் தம்பி, மேடையை விட்டு எறங்கு" என்று சிரித்தார்.

"நீயா போய்ச் சேந்தா ஆறே மாசம். எதுக்கு இந்தச் சூதாட்டம்?" என்று நேற்று சண்டை போட்டாயே, பானைக்குள் கைவிட்டபோது நீ சொன்னதுதான் சரியென்று பட்டது. இதை நான் ஒப்புக்கொண்டதை அம்மாவிடம் சொல்லாதே.

பொரித்த கோழி அடுப்பு மேல் இருக்கிறது. நான் புத்தர் கோயிலுக்குப் போகிறேன். கறுப்பு வந்தால் பதினைந்து நாள் துறவியாக இருப்பதாக வேண்டியிருந்தேன். ராணுவம் தப்பியும் மொட்டை தப்பவில்லை.

அதிசக்

பி.கு.: நாளன்றைக்குக் காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு நம் வாசலுக்கு வருவேன். சோறு போடு. சிரிக்காதே, நீ சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.