ஏழாம் இலக்க விடைத்தாள்

சிவப்பு அரக்குத் துணுக்கு ஒன்று என் பெருவிரல் நகத்துக்குள் போய் மூன்று நாளாகிறது. குளித்தும் போகவில்லை. பேனையை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. உடனே நீங்கள் நெருப்புக்குச்சியைக் கிழித்து, அரக்கை உருக்கி, கடித உறையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டு, அதன்மேல் ஒரு பழைய கோட்டுப் பொத்தானை வைத்து அழுத்துகிற காட்சி வந்துவிடுகிறது. புசல்லாவைத் தபால் கந்தோரில் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும், உறை என்றால் அரக்கு வைத்தே ஆகவேண்டும் உங்களுக்கு.

போன சனிக்கிழமை அந்த உறையை நான்தான் உடைத்தேன். உடைக்கச் சொன்னது உங்கள் விதி. நம் லொட்ஜில், அதாவது பிறீமேசன் சங்கக் கிளையில், சகோதரர்களுக்காக நடக்கும் படிப்புத் திட்டத்துக்கு நீங்கள் தலைவர், நான் செயலாளர். தலைவர் இல்லாமல் போனால் செயலாளர் குழுவின் முன்னிலையில் உறையை உடைத்து, எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியலைப் புதிய தலைவரிடம் கொடுக்கவேண்டும். அந்த வரியை நீங்கள் எழுதியபோது, "மாற்றலாகிப் போனால் எண்டு போடுங்கோவன், போஸ்ட் மாஸ்டர்" என்றேன். "ரிட்டையர் ஆன ஆளுக்கு எங்கங்க டிரான்ஸ்பர்?" என்று சிரித்தீர்கள். மாசி மாதத்தில் உங்கள் மறைவோடு அந்த வரிக்கு வேலை வந்துவிட்டது.

வெளியில் நம்மைப்பற்றி என்னென்னவோ கதை கட்டுகிறார்கள். உள்ளே நடப்பது என்னவென்றால், நரைத்த தலைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது. சுவர் கட்டும் மேசனின் மூலைமட்டம் எதைச் சொல்கிறது, ரசமட்டம் ஏன் எல்லாரும் சமம் என்பதற்கு அடையாளமானது, இந்தச் சங்கம் எப்படித் தோன்றியது. மூன்று பகுதி; தேறியவர் விண்ணப்பித்தால் சான்றிதழ். விடையைச் சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். தட்டச்சு செய்து, பெயர் போடாமல், நீங்கள் கொடுத்த இலக்கத்தை மட்டும் போடவேண்டும். "இஞ்சாருங்கோ, பேரப்பிள்ளை சோதினை எழுதுது, சரி. நீங்கள் ஏன் இந்த வயசில சோதினை வைக்கிறியள்?" என்று என் மனைவி கேட்டதைச் சொன்னபோது, அதுவே நல்ல கேள்வி, குறித்துக்கொள்ளுங்கள் என்றீர்கள்.

கேள்வி என்றால் உங்களுக்கு அப்படி ஒரு ஆசை. திட்டத்திலேயே விசித்திரமான விதியும் உங்களுடையதுதான். ஒவ்வொரு விடைத்தாளின் முடிவிலும் எழுதுபவர் தனக்கு உண்மையாகவே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். அதற்காக எங்கெங்கே தேடினார் என்றும் சொல்லவேண்டும். எனக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"சோதினையில கேள்வி கேக்கிறது நாங்களோ, அவையளோ?" என்றேன்.

"தெரியாததைச் சொல்றதும் ஒரு படிப்புதாங்க. ‘தெரியாது’ங்கிற சொல்லு உங்க வாயில வந்து நான் கேட்டதே இல்லியே, இஞ்சினியர்."

கட்டடத் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்தவன். தெரியாது என்று சொன்னால் மறுநாள் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று நினைத்தே வாழ்ந்தாயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை உறையை உடைக்கும்போது என் பையில் ஒரு பிரேரணை இருந்தது. கடைசிக் கேள்வி விதியை நீக்கவேண்டும் என்ற பிரேரணை. நீங்கள் இருக்கும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நீங்கள் போனதும் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். ஏழாம் இலக்கத்துக்கு எதிரே உங்கள் பெயர் இருந்தது.

இரண்டு தரம் வாசித்தேன். திட்டத்தை நடத்துபவரே யாருக்கும் சொல்லாமல் மாணவராகவும் பதிந்திருக்கிறார்! இரண்டாம் பகுதி விடைத்தாள்களைத் திருத்தியது முழுக்க நான். விடைத்தாள் கட்டைப் பிரித்து ஏழாம் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். உங்கள் கடைசிக் கேள்வி இதுதான்: ‘நாம் கூடுகிற இந்த மண்டபத்தின் சுவரைக் கட்டிய மேசனின் பெயர் என்ன?’ அதன் கீழே என் சிவப்பு மை. ‘பாடத்துக்குப் புறம்பானது. எழுதியவர் சிரத்தையாகப் படிக்கவில்லை. போதாது.’ ஆறு மாதம் கழித்து நீங்கள் அதே கேள்வியோடு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்கு ‘முன்னர் சொன்னதே’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

திருத்திய முதல் கட்டை உங்களிடம் கொடுத்த பின்னேரம் ஞாபகம் வருகிறது. வாவிக்கரையில் நம் வழக்கமான தேத்தண்ணிக் கடை. நீங்கள் தாள்களைப் புரட்டி, ஒன்றில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"இந்த ஏழாம் நம்பர்காரரு பாவங்க. இன்னொருக்கா யோசிச்சுப் பாருங்களேன்."

"அந்த ஆளுக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி போல கிடக்கு."

"அப்படியா தெரியுது?" என்று கேட்டீர்கள். பிறகு இஞ்சித் தேத்தண்ணியை ஊதிக் குடித்தீர்கள்.

தலைவர் ஒருமுறை மறுபரிசீலனை கேட்கலாம், அதற்குமேல் திருத்தியவர் தீர்ப்பில் கைவைக்கக்கூடாது. அதுவும் உங்கள் விதி. கேட்டீர்கள், நான் மறுத்தேன், அத்தோடு விட்டுவிட்டீர்கள். ‘அது நான்தாங்க’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மாற்றியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது விளங்குகிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, போஸ்ட் மாஸ்டர். இரண்டு வருடம் என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதை எப்படி மறைத்தீர்கள்?

அந்தக் கோபத்தோடுதான் ஞாயிறு காலை ஹந்தானைக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்க, வாங்க" என்று உங்கள் மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டார். விடைத்தாளைக் காட்டினேன்.

"இது மக டைப் அடிச்சதுங்க. ரெண்டு தடவ அடிச்சா. ‘பெயில் ஆயிட்டேன்டி’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

"என்னில கோவப்படேல்லையோ?"

"இல்லீங்க. மார்க் போட்டவரு நேர்மையான ஆளுன்னாரு." தாளை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார். "ஆனா அவரு இன்னும் அந்தச் செவத்தப் பாக்கலன்னாரு."

திரும்பி இறங்கும்போதுதான் வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. கூட்டத்துக்குப் பிந்திவிட்டோம் என்று நான் அவசரப்பட, நீங்கள் லொட்ஜ் வாசற்படியில் நின்றுவிட்டீர்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கட்டடம். "எங்கப்பா இந்தப் படியில ஏறியிருக்க மாட்டாருங்க. தேயிலைத் தோட்டத்து லயத்து ஆளை யாரு உள்ள விட்டா? ஆனா கட்டினவரு ஏறித்தானே கட்டியிருப்பாரு?" என்றீர்கள். நான் ‘ஓம், ஓம்’ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். உங்கள் கேள்வி அன்றைக்கே என்னிடம் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு தனியாக லொட்ஜுக்குப் போனேன். முதலில் அலுமாரியில் இருந்த பழைய கூட்டக் குறிப்புகள். கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் பெயர் இருக்கிறது. கதிரை அன்பளித்தவர், கம்பளம் கொடுத்தவர், திறப்புவிழா விருந்தில் பாட்டுப் பாடிய சீமாட்டி, எல்லார் பெயரும் இருக்கின்றன. மேசன் பெயர் மட்டும் எங்கும் இல்லை. மேசன்களின் பெயரால் சங்கம் வைத்துக்கொண்டு, மூலைமட்டத்தையும் ரசமட்டத்தையும் மேசையில் வைத்து வணங்காத குறையாக இருக்கிறோம். அவற்றைக் கையில் பிடித்து நம் சுவரை நிமிர்த்திய மனிதரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. நானாவது என்ன? நான் கையெழுத்திட்ட கட்டடங்களின் மேசன்மாரை யோசித்துப் பார்த்தேன். மழைக்குக் குடை தந்த ஒருவருடைய பெயர் மட்டும் வந்தது. அதுவும் பட்டப்பெயர்.

பிறகு ஏணியை வைத்துக் கூரைக்குள் ஏறினேன். என் முழங்காலைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். நான் ஏறியது மனைவிக்கு இன்னும் தெரியாது. மேலே, யாரும் பார்க்கப்போவதில்லை என்ற இடத்தில், முதல் பூச்சோடு விட்டிருந்தார்கள். டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தபோது மேசன் கரண்டி இழுத்த வளைவுகள் வரிவரியாகத் தெரிந்தன. ஏதோ உறுத்தியது. வெறுங்கையால் அந்த வளைவைப் பின்பற்றிப் பார்த்தேன், வலது கைக்கு வரவில்லை. இடது கையை வைத்தேன். அப்படியே போய்ப் பொருந்தியது. ஒரு வளைவு இல்லை, சுவர் முழுக்க. இறங்கி வந்து உங்களிடம் சொல்லவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. கைப்பேசியை எடுத்தும்விட்டேன். உங்கள் இலக்கம் இன்னும் அதில் இருக்கிறது.

பிரேரணையைக் கிழித்துவிட்டேன். உங்களுக்குச் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. விண்ணப்பிப்பவர் தானே கேட்கவேண்டும் என்ற உங்கள் விதியை மீறினால் நீங்கள்தான் முதலில் ஆட்சேபிப்பீர்கள். பதிலாக, இவ்வளவு காலம் பிறர் தாளைத் திருத்திவிட்டுத் தான் ஒரு தாளும் எழுதாத செயலாளர் இன்று காலை பதிந்துகொண்டார். புதிய தலைவர் எனக்கு ஒரு இலக்கம் தந்தார். திருத்தப்போவது யார் என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்றார். நீங்கள் பழக்கிய ஆள்.

கடைசிக் கேள்விக்கு உங்களுடையதையே எடுத்திருக்கிறேன். இன்னொருவர் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று விதி இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். போதாது என்று திரும்பி வந்தால் வரட்டும். தேடிய இடங்கள்: கூட்டக் குறிப்புகள், கூரை, ஹந்தானை. கண்டது: அவர் இடதுகைக்காரர். பெயர்: தெரியாது.