திங்கட்கிழமை பள்ளி திறக்கிறேன்

பிச்சாட்டூர்,
2-1-1960

அன்புள்ள நைனாவுக்கு, மகள் மார்த்தாள் வணக்கத்தோடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவின் மூச்சிரைப்பு தணிந்ததா?

இந்த ஊர் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்ற எல்லைப் பேச்சால் இங்கே கொஞ்சம் சலசலப்பு, பயப்படாதீர்கள். நேற்று பள்ளியில் நடந்த புத்தாண்டு ஆராதனைக்குப் போனபோது, பள்ளிப் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளை மட்டும் யாரோ தார் பூசி மறைத்திருந்தார்கள். போதகர் முந்தின நாளே குடும்பத்தோடு வேலூருக்குப் போய்விட்டார். ஒன்பது பேர்தான் வந்தோம். நானே ஜெபம் நடத்தினேன்.

முடிந்ததும் தெலுங்கு வாத்தியார் சிட்டிபாபு என்னைத் தனியே அழைத்தார். "திங்கக்கிழமை ஸ்கூல் தெறக்காதீங்கம்மா. தெறந்தா சும்மா விடக்கூடாதுன்னு எங்காளுங்களே பேசிக்கினு இருக்காங்க" என்றார்.

வாசலில் நின்ற செங்கம்மா அதைக் கேட்டுவிட்டாள். கழனி வேலைக்குப் போகிறவள். "டீச்சர், நீயும் பூட்டிக்கினு போய்ட்டா எம் பொண்ணு எங்க படிக்கும்?" என்றாள்.

இந்த வருஷம் என்னை எதற்காக இங்கே வைத்திருக்கிறீர் என்று ஒரு வாரமாக ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதுதான் அவருடைய பதில் என்று தோன்றியது. "தெறப்பேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது, நைனா. ஆனாலும் அவரை நம்பித்தான் சொன்னேன்.

தமிழ்ப் பாடப் புத்தகம் நாலைந்தும், கனமான பூட்டு ஒன்றும் அனுப்புங்கள். சாயங்காலத்தில் பேச ஆளில்லை, அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பள்ளி விலாசம் வேண்டாம், செங்கம்மா வீட்டுக்கு அனுப்புங்கள்.

தபால்காரர் அவசரப்படுத்துகிறார். திங்கட்கிழமை அவரும் இந்தத் தெருப்பக்கம் வரமாட்டாராம். ஜெபியுங்கள்.

மார்த்தாள்