மேல்தட்டு டப்பாக்கள்

அக்கா,

உன்மேல இருக்கிற கோபம் இன்னும் போகல. அதை முதல்லயே சொல்லிடறேன்.

இன்னைக்கு சமையலறை மேல்தட்டு டப்பாக்களையெல்லாம் கீழே இறக்கி வச்சேன். துணி காயப்போடுற கயிறையும் தாழ்த்திக் கட்டியாச்சு. எங்க வீட்டுக்காரர்தான் ஆணி அடிச்சுக் கொடுத்தார்.

வலது தோள்ல வலின்னு தைலமா தேய்ச்சுக்கிட்டிருந்தேன். சுளுக்கு இல்லையாம், குருத்தெலும்புல வர்ற புற்றுநோயாம். ரொம்ப அபூர்வமாம். தள்ளுபடித் துணியே வாங்குறவளுக்குக் கிடைச்ச அபூர்வத்தைப் பாரு!

மருந்துக்கெல்லாம் மசியாதாம், அறுத்துத்தான் எடுக்கணுமாம். திங்கட்கிழமை எலும்பை எடுத்துட்டு உலோகம் வைக்கிறாங்க. "விரல் நல்லா வேலை செய்யும், கையைத்தான் மேல தூக்க முடியாதும்மா"ன்னார் டாக்டர். "முடி கொட்டுமா?"ன்னு கேட்டேன். "மருந்து ஏத்தப் போறதில்லையே, கொட்டாது"ன்னார். அந்த சந்தோஷத்துல எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து பின்னல் போடக் கையைத் தூக்கினப்பதான் உறைச்சுது.

வீட்டுக்காரர் நேத்து பின்னிப் பார்த்தார். முடிச்சு விழுந்ததுதான் மிச்சம். சின்ன வயசுல நீ பின்னினா மண்டைத்தோலே கழண்டு வர்ற மாதிரி இழுப்ப, நான் ஊரைக் கூட்டுவேன்.

கோபத்தை அப்புறம் பார்த்துக்கலாம். சீப்போட வா. எவ்வளவு வேணும்னாலும் இழு.

உன் தங்கச்சி